இருபத்தொன்பது மஞ்சள்

சூரத்தின் வைரத் தெருவான மகிதர்புராவில் வினுபாய் சாவலியா ஒரு பொட்டலத்தைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தால் அதை மறுபடி யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. அந்தத் தெருவில் நிறுத்திய ஸ்கூட்டரின் சீட்டுதான் கடை, மேஜை, கல்லாப்பெட்டி எல்லாம். சீட்டின் மேல் ஒரு வெள்ளைக் காகிதத்தை விரித்து வைரத்தைக் கொட்டுவார்கள். விற்கிறவன், "வினுபாய் பார்த்தாச்சு" என்பான். வாங்குகிறவன் லென்ஸைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வான்.

வினு உட்கார்ந்திருந்தது கீர்த்தி சேட்டின் சோதனை ஆபீசில், இரண்டாவது மாடி, கறுப்புத் திரைக்குப் பின்னால். கல் மண்ணில் விளைந்ததா, உலையில் வளர்த்ததா என்று சொல்வது வேலை. ஒன்பது வருஷமாக அந்த நாற்காலி. அதற்கு முன் பதினெட்டு வருஷம் கதார்காமில் கச்சாக் கல் பிரித்தான். அறுக்காத கல்லைப் பத்துப் பதினைந்து அவன் உள்ளங்கையில் போட்டால் போதும். முனை கூர்மையாக இருந்தால் ருஷ்யா அல்லது கனடா, தோல் பச்சை கலந்த காப்பி நிறமாக இருந்தால் ஜிம்பாப்வே, மேலே பனி படிந்த கண்ணாடி போல இருந்தால் ஏதோ ஓர் ஆற்று மணல் என்று ஒவ்வொன்றாக ஒதுக்குவான். முகத்தைப் பார்த்து எந்தத் தாலுகாக்காரன் என்று சொல்கிற மாதிரி. உலைக் கல் சூரத்துக்குள் புகுந்து, நல்ல கல்லோடு கலந்து, யாரை நம்புவது என்று தெரு தவித்தபோது, சோதனை இயந்திரம் வேண்டும் என்று சேட்டிடம் போய்க் கேட்டவனே வினுதான். இயந்திரம் பூட்ட வந்த ஆளை நான்கு நாள் தன் வீட்டுச் சாப்பாடு போட்டு வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கற்றுக்கொண்டான்.

அவனுக்குப் பான் பழக்கம் கிடையாது, மாவா கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. அவனிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம் சகலை.

சகலையின் பெயர் அல்பேஷ் டோபரியா. வினு ரசிலாவையும் அல்பேஷ் அவள் தங்கை ஜாக்ருதியையும் ஒரே நாளில், ஒரே மைதானத்தில் கட்டினார்கள். சமூகத்தார் நடத்திய கூட்டுக் கல்யாணம், ஐம்பத்தோரு ஜோடி. வினுவுக்கு இருபத்து மூன்றாம் பந்தல், அல்பேஷுக்கு இருபத்து நான்கு. யாருக்கும் மனக்குறை வரக்கூடாது என்று எல்லா ஜோடிக்கும் ஒரே அளவு பீரோ, ஒரே கம்பெனி மின்விசிறி, எண்ணி இருபத்தோரு பாத்திரம். எல்லாம் சரியாகத்தான் போயிற்று. கடைசி நேரத்தில் ஒரு தர்மவான் மேடையேறி, குலுக்கலில் ஒரு ஜோடிக்கு ஸ்கூட்டர் தருவதாக மைக்கில் சொன்னார். சீட்டை எடுத்துப் படித்தார். இருபத்து நான்கு.

அல்பேஷ் சாவியை வாங்கிக்கொண்டு நேராக வினுவிடம் வந்தான். "சகலை, முதல் ரவுண்டு நீங்களும் அக்காவும் போயிட்டு வாங்க."

"எனக்குப் பெட்ரோல் வாசனை ஒத்துக்காது" என்றான் வினு.

அந்த ஒரு பொய்க்காக அவன் இரண்டு வருஷம் தனக்கென்று ஸ்கூட்டர் வாங்க முடியாமல் சைக்கிளில் போனான்.

பிறகு எல்லாமே அந்தக் குலுக்கலின் தொடர்ச்சியாகத்தான் அவனுக்குத் தெரிந்தது. அல்பேஷ் பட்டை தீட்டுகிற வேலையை விட்டுத் தரகு செய்தான், தரகை விட்டுச் சொந்தமாக ஒரு சின்ன ஃபேக்டரி போட்டான். தபி நதியைப் பார்த்த பால்கனியோடு ஏழாவது மாடியில் வீடு வாங்கினான். அவனுக்கு முடி கொட்டவில்லை. மாமனார் ரத்த அழுத்தம் பார்க்கிற கருவி வாங்க வேண்டும் என்றால் மூத்த மாப்பிள்ளையை விட்டுவிட்டு அல்பேஷுக்குத்தான் போன் செய்வார். இதில் கொடுமை, அல்பேஷ் நல்லவன். குளிர்காலம் வந்தால் ஒரு தூக்கு நிறைய ஊந்தியுக் காய்க்கூட்டு கொடுத்தனுப்புவான். வினு அதில் உப்பு கூட என்று சொல்லிக்கொண்டே மூன்று முறை போட்டுக்கொள்வான். சகலை வீட்டு சோபாவில் அவன் முழுதாக உட்கார்ந்ததே இல்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்ட ஆள் போல நுனியில் இருப்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்து திரும்பும்போது ரசிலா கேட்டாள். "ஜாக்ருதி காதுல புதுசு. பார்த்தீங்களா?"

"பார்க்கல."

பார்த்திருந்தான். ஒவ்வொன்றும் பதினெட்டு சென்ட். நல்ல வெள்ளை. இடது காதுக் கல்லின் ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. அந்தப் புள்ளி அவனுக்கு ஒரு வாரம் நல்ல தூக்கம் கொடுத்தது.

இத்தனைக்கும் நடுவில் அவன் ஒன்றை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தான். அல்பேஷின் வார்த்தைக்குத் தெருவில் லென்ஸ் தேவைப்பட்டது. தன் வார்த்தைக்குத் தேவைப்படவில்லை. சகலை என்ன வாங்கினாலும் அதை வாங்க முடியாது.

ஹோலிக்கு முந்தைய சனிக்கிழமை, பதினோரு மணிக்கு அல்பேஷ் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தான். கையில் ஒரு பொட்டலம், கக்கத்தில் தடிமனான ஒரு ஃபைல்.

"இன்னிக்கு என் குடுமி உங்க கையில சகலை" என்று சிரித்தான். "பம்பாய் பார்ட்டி விலை சொல்லிட்டான். நம்ம வினுபாய் பாஸ் பண்ணினா சாயங்காலமே எடுத்துக்கறேன்னான். சொந்தக்காரராச்சேன்னு ஒருத்தன் இழுத்தான். பம்பாய்க்காரனே சொல்றான், வினுபாய்க்கு மெஷின்தான் சொந்தம்னு."

வினுவுக்கு அது இனித்தது. இனித்ததைக் காட்டிக்கொள்ளாமல், "எத்தனை கல்?" என்றான்.

"நூத்தி எண்பத்தாறு. அமெரிக்காவுக்குப் போகுது. அங்கே இப்ப கல்லு எந்த ஊரு, எந்தச் சுரங்கம்னு துருவறாங்களாம். பொண்ணு குடுக்கறதுக்கு மாப்பிள்ளையை விசாரிக்கற மாதிரி. நமக்கென்ன பயம்? எல்லாம் ஒரே சுரங்கம். தோண்டி எடுத்த பில்லு, ஏலம் எடுத்த பில்லு, அறுக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கல்லையும் ஸ்கேன் பண்ணின படம், எல்லாம் இந்த ஃபைல்ல இருக்கு. கச்சாவுல ஆறு கல்லை அறுக்காமலே வச்சிருக்கேன். இதோ, இந்தப் பையில. உங்க கண்ணுக்குன்னே எடுத்து வச்சேன். ஒரு தடவை பாருங்களேன்."

ஒரே சுரங்கத்துச் சரக்கை மொத்தமாக ஏலம் எடுக்கும் அளவுக்கு வந்துவிட்டானா? வினு ஃபைலை ஒரு விரலால் மேஜையின் ஓரத்துக்குத் தள்ளினான்.

"கல்லைப் பார்க்கறவனுக்குக் காகிதம் எதுக்கு? வச்சிட்டுப் போ."

"அதுவும் சரிதான்" என்று அல்பேஷ் கீழே இறங்கிப் போனான்.

வினு கற்களைத் தட்டில் பரப்பினான். மூடியை மூடிப் பொத்தானை அழுத்தினான். உள்ளே ஊதா வெளிச்சம் விழுந்து அடங்கியது. திரையில் கல்லுக்குக் கல் வட்டம் வரத் தொடங்கியது. பச்சை என்றால் மண் கல். சிவப்பு என்றால் உலைக் கல். மஞ்சள் என்றால் எனக்குத் தெரியவில்லை, பெரிய இயந்திரத்தைக் கேள் என்று அர்த்தம். மண்ணுக்குள் கோடி கோடி வருஷம் கிடக்கிற கல்லில் நைட்ரஜன் கொஞ்சமாவது ஏறியிருக்கும். சில வாரத்தில் உலையில் வளர்த்த கல்லில் பெரும்பாலும் இருக்காது. சின்ன இயந்திரம் தேடுவது அதைத்தான். ஆனால் மண்ணிலேயே கிடந்தும் அது ஏறாத சுத்தக் கல் உண்டு. நூற்றில் ஒன்று, இரண்டு.

வட்டங்கள் நின்றன. நூற்றைம்பத்தேழு பச்சை. இருபத்தொன்பது மஞ்சள்.

சிவப்பு ஒன்றுகூட இல்லை. அதைக் கண் பார்த்தது. மனசு வாங்கிக்கொள்ளவில்லை. மனசுக்குள் வேறு ஏதோ நடந்துகொண்டிருந்தது. மூடிக் கிடந்த வீட்டில் யாரோ ஒவ்வொரு ஜன்னலாகத் திறப்பது போல. அது என்னவென்று அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சந்தோஷம். பத்தொன்பது வருஷத்தில் இவ்வளவு சுத்தமான சந்தோஷம் அவனுக்கு வந்ததில்லை.

பெரிய இயந்திரத்தில் பக்கத்து மேஜை ஹேதல்பென் இன்னொருவர் சரக்கைப் போட்டிருந்தாள். "மத்தியானம் ஒரு மணி ஆயிடும் வினுபாய்" என்றாள். வினு மஞ்சள் கற்களைத் தனியாக மடித்துப் பெட்டியில் பூட்டிவிட்டு டீ குடிக்கக் கீழே போனான்.

டீக்கடையில் தரகர் தல்சுக் நின்றிருந்தார். அவர் காதில் காலையில் விழுந்தது மத்தியானத்துக்குள் தெருக்கோடி வரை போய்விடும்.

"என்ன வினுபாய், மூஞ்சியில இவ்வளவு வெளிச்சம்? சேட் சம்பளம் கூட்டிட்டாரா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"உங்க சகலை சரக்கு மேல போச்சே. எப்படி இருக்கு?"

திரைக்குப் பின்னால் நடப்பதைப் பொட்டலம் கொண்டுவந்தவனைத் தவிர யாரிடமும் சொல்வதில்லை. அதுவும் பெரிய இயந்திரம் பார்த்து முடிக்கும்வரை அவனிடமே சொல்வதில்லை. ஒன்பது வருஷத்தில் ஒரு முறைகூட வினு அதை மீறியது கிடையாது. டீயைச் சாசரில் ஊற்றினான். ஊதினான்.

"இருபத்தொன்பது மஞ்சள்" என்றான்.

"எத்தனையில?"

"நூத்தி எண்பத்தாறுல."

தல்சுக் உதட்டைக் குவித்தார். "அடேங்கப்பா. அப்ப கலப்படமா? உலைச் சரக்கா?"

மஞ்சள் என்றால் கலப்படம் இல்லை, இன்னும் பார்க்கவில்லை என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். சொல்ல வேண்டியது நாலே வார்த்தை. வினு புருவத்தை மட்டும் மேலே தூக்கினான். சாசரைக் கவிழ்த்து வைத்துவிட்டு மாடியேறினான்.

தெருவுக்கு மஞ்சள் தெரியாது. அதற்குப் பச்சையும் சிவப்பும்தான்.

ஒரு மணிக்குப் பெரிய இயந்திரம் காலியாயிற்று. அதில் ஒவ்வொரு கல்லாகத்தான் வைக்க வேண்டும், ஒரு கல்லுக்கு ஐந்து நிமிஷம். அது கல்லின் உள்ளே இருக்கிற ஒளியைப் படமாகக் காட்டும். உலையில் வளர்ந்த கல்லில் கோடு கோடாக அடுக்கு தெரியும், துணிக்கடையில் மடித்து வைத்த துணி மாதிரி. மண் கல்லில் அந்த ஒழுங்கு இருக்காது.

முதல் கல்லை வைத்தான். திரையில் நீல வலை ஒன்று தெரிந்தது. கிழிந்து, சுருண்டு, தாறுமாறாகக் கிடந்த வலை. எந்த உலையும் அதைப் பின்ன முடியாது. மண் கல்.

இரண்டாவது கல்லிலும் வலை. மூன்றாவதிலும். ஏழாவது கல் முடிந்தபோது வினு எழுந்து தண்ணீர் குடித்தான். திரையைக் கொஞ்சம் ஒதுக்கி ஜன்னல் வழியே கீழே பார்த்தான்.

அல்பேஷ் தன் ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றிருந்தான். ஒருவர் வந்து அவன் தோளில் கை வைத்து ஏதோ சொன்னார். அல்பேஷ் பைக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தான். அவர் போனதும் இன்னொருவர். பிறகு இருவராக. விற்றுத் தரச் சொல்லி வெறும் துண்டுச் சீட்டை நம்பி அவனிடம் கொடுத்திருந்த சரக்கையெல்லாம் திருப்பி வாங்கிக்கொண்டிருந்தார்கள். முதலில் அல்பேஷ் சிரித்துக்கொண்டே கொடுத்தான். நான்காவது ஆளுக்குக் கொடுக்கும்போது சிரிப்பு நின்றுவிட்டது. ஏதோ கேட்டான். அந்த ஆள் கட்டை விரலால் மாடியைக் காட்டினான். அல்பேஷ் அண்ணாந்து பார்த்தான்.

வினு திரையை விட்டுவிட்டான்.

போன் அடித்தது. ரசிலா.

"என்னங்க, ஜாக்ருதி போன் பண்ணி அழறா. அவர் கல்லுல கலப்படம் பண்ணினாராம். நீங்கதான் கண்டுபிடிச்சீங்களாம். நெசமா?"

குரல் பதறியது. ஆனால் பதற்றத்துக்கு அடியில், அடுப்பைச் சிறிதாக எரியவிட்ட மாதிரி, ஒன்று இருந்தது. "நெசமாவா?" என்று அவள் இரண்டாவது முறை கேட்டபோது வினுவுக்கு அது நன்றாகக் கேட்டது. தங்கை வீட்டுப் பால்கனியில் நின்று, 'காத்து நல்லா வருது' என்று சொல்லிச் சொல்லிப் பழகிய குரல். தன்னுடைய சந்தோஷத்தை இன்னொரு வாயில் கேட்டபோது அவன் போனைக் காதிலிருந்து சற்று விலக்கினான்.

"இன்னும் பார்த்து முடியல. வை" என்றான்.

பதினைந்தாவது கல், மண். இருபதாவது, மண். இருபத்தொன்பதாவது கல்லிலும் அந்தக் கிழிந்த வலை வந்தபோது மணி மூன்றே முக்கால். அதற்குப் பிறகுதான் மேஜை ஓரத்திலிருந்த ஃபைலைத் திறந்தான். முதல் பக்கத்திலேயே இருந்தது. லெசோதோ. ஆப்பிரிக்காவில் மலைமேல் இருக்கிற சுரங்கம்.

அவ்வளவுதான். அந்த ஒரு பெயரைக் காலையில் படித்திருந்தால் இருபத்தொன்பது மஞ்சளைப் பார்த்து அவன் கொட்டாவிதான் விட்டிருப்பான். நைட்ரஜன் ஏறாத சுத்தக் கல்லுக்கு அந்த மலைதான் பேர்போனது. சின்ன இயந்திரம் அதைக் கண்டு திணறாமல் இருந்தால்தான் ஆச்சரியம். பையிலிருந்து ஆறு கச்சாக் கற்களை உள்ளங்கையில் கொட்டினான். கூர் இல்லை, முனை இல்லை. வாயில் போட்டுச் சப்பிவிட்டுத் துப்பிய கற்கண்டு போல வழவழவென்று உருவம் கெட்ட கற்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பான்.

அப்போதும் ஒன்று உறைத்தது. ஆயிரம் பொட்டலத்தில் ஒன்றில் வருகிற சரக்கு இது. பிரித்து விற்றால் விலையே வேறு. அல்பேஷுக்கு அது தெரியாது. தெரியாமலே வாங்கியிருக்கிறான். இதிலும் அவனுக்கே சீட்டு விழுந்திருக்கிறது.

கீர்த்தி சேட் உள்ளே வந்தார். வாசனைப் பாக்கை மென்றுகொண்டே எல்லாப் படங்களையும் பார்த்தார்.

"எல்லாம் மண் கல். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடு. முடிஞ்சுது."

"முடியாது சேட். கீழே ஏற்கனவே..."

"கேள்விப்பட்டேன்." சேட் குரலைத் தாழ்த்தவில்லை. "யாரு சொன்னா?"

"நான்தான்."

சேட் மெல்லுவதை நிறுத்தினார். "இப்ப நீ நல்ல கல்லுன்னு எழுதினா தெரு என்ன சொல்லும் தெரியுமா? காலையில உண்மை வந்துச்சு, மத்தியானம் மச்சினி அழுதா, சாயங்காலம் ரிப்போர்ட் மாறிடுச்சும்பான். ஆறு மணிக்கு வியாபாரிங்க சங்கத்துக் கமிட்டி. அல்பேஷ் பேரை மோசடிக்காரங்க பலகையில எழுதணும்னு நாலு பேர் மனு எழுதிட்டிருக்கான். எழுதிட்டா அழிக்க மாட்டாங்க. பெரிய லேபுக்கு அனுப்பினாலும் செவ்வாய்க்கிழமைதான் பதில் வரும்."

"அப்ப என்ன பண்றது?"

"தெரியல. உன் வார்த்தையைத்தான் உன் வார்த்தையாலயே சாகடிச்சிட்டியே."

வினு பொட்டலத்தையும் ஃபைலையும் கச்சாக் கல் பையையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினான். அவசரத்தில் சரியாகப் பார்க்கவில்லை, இயந்திரத்தில் தூசி, கண் வலி என்று வழியில் மூன்று காரணம் தயார் செய்தான். மூன்றும் நன்றாகத்தான் இருந்தன. மூன்றில் எதைச் சொன்னாலும் வேலை போகாது. அல்பேஷுக்கும் எதுவும் ஆகாது.

நாலே முக்கால். தெரு நெரிந்தது. டீக்கடை முனையில் தல்சுக்கைச் சுற்றி முப்பது பேர். அல்பேஷ் எதிர்ப்பக்கம் ஸ்கூட்டரில் தனியாக உட்கார்ந்திருந்தான். அவனைச் சுற்றி ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு இடம் காலியாக விடப்பட்டிருந்தது. அந்தத் தெருவில் அப்படி இடம் கிடைப்பதே கிடையாது.

வினு தல்சுக் முன்னால் போய் நின்றான். "இருபத்தொன்பதும் மண் கல்லு" என்றான்.

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது.

"வந்துட்டாருய்யா சகலையைக் காப்பாத்த!"

"வீட்டுல பூரிக்கட்டையைத் தூக்கிட்டாங்களா வினுபாய்?"

"காலையில மஞ்சள், சாயங்காலம் பச்சை. ராத்திரிக்கு என்ன நிறம்?"

"மஞ்சள்னுதான் சொன்னேன்" என்றான் வினு. "பெரிய மெஷின்ல போடறதுக்கு முன்னாடி சொன்னேன். போட்டுப் பார்த்தேன், எல்லாம் மண்ணு."

"இருங்க, இருங்க" என்றார் தல்சுக். அவருக்கும் இப்போது பயம். செய்தியைக் கொண்டுபோனவர் அவர். "போடறதுக்கு முன்னாடி நீங்க யாருக்குமே சொன்னதில்லையே. ஒன்பது வருஷமா நானும் கேட்டுக் கேட்டுத் தோத்தவன். இன்னிக்கு மட்டும் ஏன் சொன்னீங்க?"

தூசி. கண் வலி. மூன்றாவது காரணம் அதற்குள் மறந்துபோயிருந்தது.

"எரிச்சல்" என்றான் வினு.

யாரோ, "என்னது?" என்றார்கள்.

"எனக்கு அவன் மேல எரிச்சல். இன்னிக்கு நேத்து இல்ல. கல்யாணப் பந்தல்ல அவனுக்கு ஸ்கூட்டர் விழுந்துச்சு. எனக்கு விழல. அன்னிலேர்ந்து. அவன் வீட்டு சோபாவுல ஒரு நாளும் நான் சாஞ்சு உட்கார்ந்ததில்ல. அவன் பொண்டாட்டி காதுக் கல்லுல ஒரு புள்ளி இருக்கு, அதை நினைச்சுக்கிட்டுப் படுத்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும். மாமனார் அவனுக்குத்தான் போன் பண்றாரு. காலையில ஃபைலைக் குடுத்து, பாருங்கன்னான். பார்க்கல. அவன் பெரிய ஆளா ஆயிட்டான்னு அதுல எழுதியிருக்கும்னு பார்க்கல. பார்த்திருந்தா லெசோதோன்னு முதல் பக்கத்துலயே இருக்கு. மஞ்சள் வந்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கல. அதான் சொன்னேன்."

பின்னாலிருந்து ஒரு கிழவர், கடலை மென்றுகொண்டிருந்தவர், உரக்கச் சொன்னார். "எந்த மெஷின்லயும் போட வேணாம்டா. இந்தச் சரக்கு சுத்த ஒரிஜினல்!"

சிரிப்பு வெடித்தது. இந்த முறை அது வேறு சிரிப்பு. பொறாமைக்கு அங்கே யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. அந்தக் கூட்டத்தில் ஆளுக்கு ஒரு சகலை இருந்தான். தன்னைப் பற்றி இப்படியொரு பொய்யை எவனும் ஜோடித்துச் சொல்ல மாட்டான் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

வினு கச்சாக் கற்களைத் தல்சுக்கின் கையில் கொட்டினான். அவை கைமாறிப் போயின. கூட்டத்தில் பழைய கல் பிரிப்பவர்கள் ஐந்தாறு பேர் இருந்தார்கள். ஒருவர் லென்ஸ் இல்லாமலே புரட்டிப் பார்த்து, "லெசோதோதான்யா, நக்கின கற்கண்டு" என்றார். இன்னொருவர் ஃபைலிலிருந்த ஸ்கேன் படத்தையும் கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மனு எழுதிக்கொண்டிருந்தவன் காகிதத்தை நாலாக மடித்தான்.

அல்பேஷ் எழுந்து வந்தான். அடிப்பான் என்று கூட்டம் வழிவிட்டது. வினுவும் அதை எதிர்பார்த்தான். கொஞ்சம் ஆசைப்படவும் செய்தான். அடித்தால் அவனும் தன்னைப் போல ஒருவன் என்றாகிவிடும்.

"உங்க கண்ணு கல்லைப் பார்க்கல சகலை" என்றான் அல்பேஷ். "என்னையே பார்த்துட்டு இருந்திருக்கு."

வினுவின் கையிலிருந்து பொட்டலத்தை வாங்கினான். ஸ்கூட்டர் சீட்டில் காகிதத்தை விரித்து, இடுக்கியால் ஒவ்வொன்றாக நகர்த்தி, நூற்றி எண்பத்தாறையும் எல்லோர் முன்னாலும் எண்ணினான். முடிக்க வெகுநேரம் பிடித்தது. யாரும் போகவில்லை. வினுவும் நின்றுகொண்டிருந்தான். கடைசிக் கல்லை நகர்த்திய பிறகு அல்பேஷ் தலை நிமிராமல் சொன்னான்.

"அந்த ஸ்கூட்டரை அன்னிக்கே கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."

குடுத்திருப்பான். அதுதான் எரிந்தது.

மறுநாள் காலை ரசிலா கடலைமாவில் அவித்த லோச்சோ வாங்கி வந்து தட்டில் வைத்தாள். எண்ணெய் ஊற்றினாள், ஓமப்பொடி தூவினாள். எதிரே உட்கார்ந்தாள்.

"ஊர் முன்னாடி எல்லாத்தையும் சொன்னீங்களாமே."

"ம்."

"என் பேரையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்" என்றாள்.

அல்பேஷ் பெயர் பலகையில் ஏறவில்லை. பம்பாய்க்காரன் பயந்து விலகிவிட்டான். ஆனால் அன்றைய கூத்தில் அந்தச் சரக்கு எந்த வகை என்று தெரு முழுக்கத் தெரிந்துபோனதால் இருபத்தொன்பது கல்லையும் தனியாகக் கேட்டு வேறு ஆள் வந்தான். நல்ல விலைக்குப் போயிற்று. கீர்த்தி சேட் வினுவை ஒரு மாதம் வீட்டில் உட்கார வைத்தார். அதற்குப் பிறகு கூப்பிட்டு அதே நாற்காலியைக் காட்டினார். "மெஷினை உன்ன மாதிரி ஓட்ட ஆள் இல்ல. வாய்க்கு மட்டும் ஒரு ஏற்பாடு பண்ணணும்."

ஏற்பாட்டைத் தெருவே பண்ணிவிட்டது. பொட்டலத்தோடு வருகிறவர்கள் அதை மேஜையில் வைக்கும் முன் கேட்கத் தொடங்கினார்கள். "வினுபாய், என் மேல எரிச்சல் ஏதாவது உண்டா?" முதலில் கேலிக்குத்தான் கேட்டார்கள். வினு யோசித்து, உள்ளதைச் சொன்னான். பெரும்பாலும், "இல்ல, வைங்க" என்பான். எப்போதாவது, "உங்க பையன் கனடா போனதுல கொஞ்சம் இருக்கு" என்பான். அப்படிச் சொன்னால் பொட்டலம் ஹேதல்பென் மேஜைக்குப் போகும். நாளடைவில் கேலி போய்விட்டது, கேள்வி மட்டும் நின்றுவிட்டது. எரிச்சல் இல்லை என்று அவன் சொல்லி வாங்கிக்கொண்ட பொட்டலத்தை மறுபடி யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

அல்பேஷ் மட்டும் அந்தப் பக்கம் வரவே இல்லை. தீபாவளி முடிந்து கடைகள் திறந்த முதல் வாரத்தில் ஒரு நாள் திரை விலகியது. அவன் நின்றிருந்தான். முடி இன்னும் அப்படியே இருந்தது.

"சகலை" என்றான். உட்காரவில்லை. "எரிச்சல் எவ்வளவு இருக்கு?"

ஹேதல்பென் கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தாள்.

வினு கண்ணை மூடிக்கொண்டு வயிற்றுக்குள் பார்த்தான். "இருக்கு" என்றான். "நேத்து சாயங்காலத்திலேர்ந்து கொஞ்சம் ஜாஸ்தி."

"புதுசா எடுத்த காரா?"

"கார்தான்."

அல்பேஷ் தலையசைத்தான். உதட்டோரம் ஏதோ அசைந்தது, சிரிப்பென்று சொல்ல முடியாது. பொட்டலத்தை ஹேதல்பென் மேஜையில் வைத்தான்.

வினு தன் முன்னால் கிடந்த வேறு பொட்டலத்தைப் பிரித்தான். பக்கத்து மேஜைத் திரையைப் பார்க்கக் கூடாது என்று கல்லை ஒவ்வொன்றாகப் பரப்பினான். ஹேதல்பென் இயந்திரத்தில் ஊதா வெளிச்சம் விழுந்து அடங்கியது. பார்த்தான்.

எல்லாம் பச்சை.